தறியும் வாசலும்: ஆரணி வட்டாரத்தில் நெசவாளியைத் தேடிக் கண்ட வழிகள்

ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவாளிக்குத் தொழிலிடமும் வீடும் ஒன்றே. தெருக்கதவைத் தாண்டியதும் முன்கூடத்தில் குழித்தறி இருக்கும். அதை ஒட்டி அடுப்படி; சுவரோரம் தார் சுற்றும் இராட்டை; ஆணியில் பிள்ளைகளின் பள்ளிப் பை. வக்கீலைத் தேடுகிறவர் அவருடைய அலுவலகத்துக்குப் போகலாம், மருத்துவரைத் தேடுகிறவர் மருத்துவமனைக்குப் போகலாம். நெசவாளியைத் தேடுகிறவர் போய்ச் சேரும் இடம் ஒரு குடும்பம் தூங்கி எழும் வீடு. அதனால் நெசவாளியின் தொழில் விவரம் ஊரறிய எழுதப்பட்ட ஒவ்வொரு காலத்திலும் அவர் வீட்டு வாசலும் அந்த விவரத்தோடு சேர்ந்தே வெளியே போயிருக்கிறது. வரிக்கணக்கு, சங்கப் பதிவேடு, அடையாள அட்டை, கைபேசித் திரை என்று எழுதும் இடம்தான் மாறியது. எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எழுதப்பட்டவரைக் கேட்டாரா என்ற மூன்றையும் ஒவ்வொரு காலத்திலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கல்லில் பேர் வெட்டிய காலம்

இந்த வட்டாரத்தில் ஒருவரைத் தொழிலோடும் ஊரோடும் சேர்த்துச் சொல்லும் பழைய பதிவு திருமலையில் கிடைக்கிறது. ஆரணிக்கும் போளூருக்கும் இடைப்பட்ட பகுதியில், வடமாதிமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள சமணக் குன்று அது. சுமார் 16 மீட்டர் உயர நேமிநாதர் உருவமும், சோழ இளவரசி குந்தவை பெயரால் அமைந்த ஜினாலயமும் அங்கே உள்ளன. முதலாம் ராஜேந்திரனின் 12ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1024இல், மலைப்பாறையில் வெட்டிய கல்வெட்டு அவனுடைய வெற்றிகளை வரிசையாகச் சொல்வதால் வரலாற்று நூல்களில் அடிக்கடி பேசப்படுகிறது. மன்னனின் கங்கைப் படையெடுப்பையும் வென்ற நாடுகளையும் சொல்லி முடித்த பிறகு அந்தக் கல் ஒரு சாதாரணச் செய்திக்கு வருகிறது. பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த கரைவழி மல்லியூரில் வசிக்கும் வியாபாரி நன்னப்பையனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் ஒரு நந்தாவிளக்கு எரிக்கவும் திருவமுது படைக்கவும் காசு கொடுத்தாள் என்பதே அது.

பேர், கணவன் பேர், அவர் தொழில், ஊர், கொடுத்த தொகை. இன்று ஒரு தொழில் விவரப் பக்கத்தில் கேட்கும் அளவுக்கு இதில் எல்லாம் இருக்கிறது. ஆயினும் இதில் யாருடைய அந்தரங்கமும் வெளிப்படவில்லை. சொல்ல வேண்டியதைத் தேர்ந்தெடுத்தவர் கொடை கொடுத்தவரே. விளக்கு அணையாமல் எரிய வேண்டும், கொடுத்தது யாரென்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்ற நோக்கத்துக்குப் போதுமான அளவில் அந்தப் பதிவு நின்றுவிட்டது.

நெசவாளிகளின் பேர் இப்படி எளிதில் கல்லில் ஏறுவதில்லை. சோழர் காலத்திலும் விஜயநகரக் காலத்திலும் கல்வெட்டுகளில் தறி வருகிறது. தறிக்குப் பின்னே உட்கார்ந்தவர் பெரும்பாலும் வருவதில்லை. தறி இறை, தறிக்கடமை என்ற வரிகளுக்குத் தறிதான் அலகு. ஒரு வீட்டில் எத்தனை தறி என்ற எண்ணிக்கையிலிருந்தே கோயிலுக்கும் அரசுக்கும் சேர வேண்டியது கணக்கிடப்பட்டது. கொடைப் பதிவு கொடுப்பவர் விரும்பிச் செய்தது. தறிக்கணக்கு வாங்குபவர் எண்ணிச் செய்தது. இரண்டும் தொழிலைப் பற்றிய பதிவுகள்தான். பின்னால் வந்த பதிவேடுகள் எல்லாம் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றின் வழியில் வந்தவை.

வீட்டுக்குள் வந்த வரி

17ஆம் நூற்றாண்டில் ஆரணி ஜாகீர் உருவானது. சிவாஜியின் தந்தை ஷாஜியிடம் பணியாற்றிய வேதாஜி பாஸ்கர பந்தின் வழியினர் ஜாகீர்தார்களாக இருந்தனர். கமண்டல நாகநதிக் கரையில் இருந்த இந்தக் கோட்டை ஊரருகே 1751இல் கிளைவ் போரிட்டதும், 1782இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதியதுமான வரலாறு பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. ஊரின் நெசவுத் தெருக்களைப் பற்றி அந்த அளவுக்கு எழுதப்படவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணமெங்கும் மோத்தர்ப்பா என்ற தொழில் வரி வாங்கப்பட்டது. நெசவாளி, தச்சர், கொல்லர், கடைக்காரர் என்று கைத்தொழிலும் வியாபாரமும் செய்த எல்லாரும் கருவிக்கும் கடைக்கும் வரி கட்டினார்கள். வெளியே களம், வயல் என்று இருக்கும் உழவரிடம் வரிக்காரன் நிலத்தை அளந்தால் போதும். தறி வீட்டுக்குள் இருப்பதால், நெசவாளியிடம் வரி வாங்க வந்தவன் வீட்டுக்குள் வர வேண்டியிருந்தது.

1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை சுதேசி சங்கம் அந்த ஆண்டே பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு ஒரு நீண்ட மனு அனுப்பியது. அதில் மோத்தர்ப்பாவைப் பற்றிய பகுதி இங்கே முக்கியமானது. இந்த வரி பணக்காரரைவிட ஏழையையே அதிகம் அழுத்துகிறது, பல நேரம் கருவியின் விலையைப் போல் ஆறு மடங்குக்கு மேல் வரியாகப் போகிறது என்று சங்கம் முறையிட்டது. அதோடு நிற்கவில்லை. எவ்வளவு வாங்குவது என்பது வசூலிப்பவன் விருப்பத்துக்கு விடப்பட்டதால், அவன் துருவித் துருவி விசாரித்துக்கொண்டு வருவதற்கும் மிரட்டிப் பறிப்பதற்கும் இது இடம் கொடுக்கிறது என்றும் சொன்னது. தனியுரிமை என்ற சொல் புழக்கத்துக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தபோது எழுதப்பட்ட மனு இது. பணம் போவது ஒரு குறை, தொழிலைச் சாக்காக வைத்து வீட்டைத் துருவுவது வேறொரு குறை என்று அது பிரித்துச் சொல்லியிருக்கிறது. தென்னிந்தியக் கைவினைஞர்களின் வரலாற்றில் இந்தப் பகுதிக்கு இன்னும் அதிகக் கவனம் கிடைத்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அந்த வரி ஒழிந்தது.

இதே காலத்தில் நேர் எதிரான ஒன்றும் நடந்தது. ஆரணி மஸ்லின் என்ற மெல்லிய பருத்தித் துணி ஆங்கிலேயரிடையே பேர் பெற்றிருந்தது. இந்தியத் துணிகளின் மாதிரிகளைத் தொகுக்கும் பணியை லண்டனில் ஃபோர்ப்ஸ் வாட்சன் மேற்கொண்டார். 700 மாதிரிகள், 18 தொகுதிகள், 20 பிரதிகள். 13 பிரதிகள் பிரிட்டனில் தங்கின, 7 இந்தியாவுக்கு வந்தன. 1866இல் அவருடைய விளக்க நூலும் வெளிவந்தது. மாதிரிச் சீட்டுகளில் துணியின் வகை, நீளம், அகலம், எடை, கிடைத்த ஊர் போன்ற விவரங்கள் உண்டு. நெய்தவர் பேருக்கு அந்தச் சீட்டில் இடமே இல்லை. மான்செஸ்டர் ஆலைக்காரர் துணியைப் பார்த்து அதுபோல் செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகத் தயாரான தொகுப்பு அது. நெசவாளியைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. வரிக்காரன் வீட்டுக்குள் வந்தான், துணி மட்டும் கடல் தாண்டிப் போனது, நெசவாளியின் பேர் இரண்டு இடத்திலும் அவருக்குப் பயன்படவில்லை. பேர் தெரியாமல் இருப்பதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஆரணி மஸ்லின் நல்ல சான்று. அந்தச் சந்தை சரிந்தபோது அந்த நெசவாளிகளைத் தேடி வர எவருக்கும் வழி இருக்கவில்லை.

பாவு கொடுக்கிறவர்

20ஆம் நூற்றாண்டில் ஆரணி பட்டுக்கு மாறியது. ஆரணி நகரத்திலும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற சுற்று ஊர்களிலும் பட்டுத்தறி பரவியது. செங்குந்தரும் சௌராஷ்டிரரும் பழைய நெசவுச் சமூகத்தினர். தறி கிராமங்களுக்குப் போனபோது நெசவைப் பரம்பரைத் தொழிலாகக் கொள்ளாத சாதியாரும் நாடா பிடித்தார்கள். நெசவாளி என்றாலே இன்ன சாதி என்று ஊகிக்கும் பழக்கம் இதனால் தளர்ந்திருக்க வேண்டும். ஆனால் 19ஆம் நூற்றாண்டு மக்கள்தொகைக் கணக்குகளில், செங்குந்தரைக் குறித்த கைக்கோளர் என்ற சொல் சாதிக்கும் தொழிலுக்கும் சேர்ந்தே நின்றதால், தொழிலைத் தேடினால் சாதியும் வந்துவிழும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

இந்தக் காலத்தில் நெசவாளியைத் தேடுவதற்கு ஒரே வழி முதலாளி. பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கிக்கொண்டு கூலி கொடுப்பவர் அவர். ஆங்கிலத்தில் மாஸ்டர் வீவர் என்று எழுதினாலும், தறி வீடுகளில் முதலாளி என்றுதான் பேச்சு. அவர் கையில் இருக்கும் நோட்டில் எந்தத் தறிக்கு எவ்வளவு பட்டு போனது, எத்தனை சேலை வந்தது, அட்வான்ஸ் எவ்வளவு நிற்கிறது என்ற மூன்றும் இருக்கும். சேலை வாங்க வருகிற வியாபாரி அந்த நோட்டைப் பார்க்க முடியாது. அவர் கடைத்தெருவில் முதலாளியைப் பார்ப்பார், சேலையைப் பார்ப்பார், திரும்பிப் போவார். நெய்தவர் எந்தத் தெரு என்று கேட்பது மரியாதைக் குறைவு. கேட்டாலும் பதில் வராது.

இந்த மௌனத்துக்கு வியாபாரக் காரணம் உண்டு. நல்ல கை உள்ள நெசவாளி யாரென்று தெரிந்தால் இன்னொரு முதலாளி அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். நிற்கிற அட்வான்ஸைப் புது முதலாளி பழைய முதலாளியிடம் தீர்த்துவிட்டு நெசவாளியை மாற்றிக்கொள்வது பட்டுத் தொழிலில் பழகிய வழி. ஆகவே நெசவாளியின் பேரும் தெருவும் முதலாளிக்குச் சொத்து. அவற்றை அவர் மறைத்தது நெசவாளியின் நலனுக்காக அல்ல. ஆனாலும் அந்த மறைப்பின் நிழலில் ஒரு நன்மை கிடைத்தது: முகம் தெரியாதவர் எவரும் தறி வீட்டுக் கதவைத் தட்டவில்லை. முதலாளியிடம் இருந்து வருபவரும் பெரும்பாலும் திண்ணையோடு சரி. பாவு கொண்டு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார், கணக்குத் தீர்ப்பார், தண்ணீர் குடிப்பார். தறி எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமானால் மட்டும் கேட்டுக்கொண்டு உள்ளே வருவார். தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த அந்த மேடை தொழில் பேசுவதற்கான எல்லையாகவும் இருந்தது.

மறைப்பின் விலையை நெசவாளியே கொடுத்தார். வாங்குபவர் யாரென்று அவருக்குத் தெரியாது. தன் சேலை என்ன விலைக்குப் போகிறது என்பது தெரியாது. ஆரணியில் நெய்து காஞ்சிபுரத்துக் கடைகளுக்குப் போன சேலை பல நேரங்களில் ஊர்ப்பேரையும் இழந்தது. கூட இருந்து தார் சுற்றிய, பாவு பிணைத்த மனைவியும் மகளும் முதலாளி நோட்டில் கூட வரவில்லை. யாரும் அறியாமல் இருக்கும் உரிமை வேறு, யாரும் அறியாதபடி வைக்கப்படுவது வேறு என்பதை ஆரணித் தறி வீட்டுப் பெண்கள் அளவுக்கு உணர்ந்தவர்கள் குறைவு.

கூட்டுறவுச் சங்கம் இந்த ஏற்பாட்டில் முதல் திறப்பு. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் வழி வகுத்தது. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் உருவான பிறகு கைத்தறிச் சங்கங்களுக்கு விற்பனைக் கை ஒன்று கிடைத்தது. சொசைட்டியில் நெசவாளி தன் பேரில் உறுப்பினர், தன் பேரில் பங்குத்தொகை, தன் பேரில் பாஸ் புக். வெளியூரிலிருந்து தேடி வருபவருக்கு ஒரு கட்டடமும் ஒரு பலகையும் கண்ணில் பட்டன. நெசவாளி உண்டா இல்லையா என்று சங்கம் சொல்லும். வேலை விஷயமாகச் செய்தியைச் சேர்க்கும். வீட்டு முகவரியைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தேடுபவருக்கும் தேடப்படுபவருக்கும் நடுவே நிற்கும் இந்தப் பொது வாசலைவிட நல்ல ஏற்பாடு பின்னால் வந்த எந்தத் தொழில்நுட்பத்திலும் அமையவில்லை.

ஊரைச் சொல்லி ஆளைக் காத்த ஆய்வு

பொருளியல் அறிஞர் பார்பரா ஹாரிஸ்-வைட் 1973இல் வட ஆற்காட்டு அரிசிச் சந்தைகளைப் படிக்க வந்தவர். அதன் பின் பல பத்தாண்டுகளுக்கு ஆரணிக்குத் திரும்பத் திரும்ப வந்து, ஊரின் வியாபாரத்தையும் பட்டு நெசவையும் பிற ஆய்வாளர்களோடு சேர்ந்து பதிவு செய்தார். உலகில் ஒரு சிறு சந்தை நகரம் இவ்வளவு நீண்ட காலம் ஆராயப்பட்டது அரிது. இப்படிப்பட்ட ஆய்வுகளில் கடனும் கூலியும் லாபமும் எண்ணாக வரும், ஊர்ப்பேரைச் சொல்லலாம், தன் கணக்கைத் திறந்து காட்டியவரை மட்டும் அடையாளம் காட்டக் கூடாது. சமூக ஆய்வில் ஊன்றிய இந்த நெறியால்தான் நெசவாளியும் முதலாளியும் அட்வான்ஸ் விவரத்தை வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. சொன்னது நாளைக்கு எதிர் முதலாளியின் காதுக்குப் போகும் என்றால் எவரும் பேச மாட்டார்.

அட்டையும் முத்திரையும்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் சொன்ன தனி விவரத்தை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பூட்டி வைக்கிறது. அந்தப் பதிவை எவரும் பார்வையிட உரிமை கோர முடியாது. கைத்தறிக் கணக்கெடுப்பின் நோக்கம் வேறு. 1987–88, 1995–96, 2009–10, 2019–20 என நான்கு முறை நடந்த அந்தக் கணக்கெடுப்பு, நெசவாளியைத் தனித்தனியே அடையாளம் கண்டு உதவி சேர்ப்பதற்கானது. மூன்றாவது கணக்கெடுப்பு நாடு முழுவதும் 27.83 லட்சம் கைத்தறிக் குடும்பங்களைக் கண்டது. நான்காவது கண்டது 31.45 லட்சம் குடும்பங்களை, தொழிலாளர் 35.22 லட்சம் பேர். நெசவாளிகளில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் பெண்கள் என்பதும் வெளிவந்தது. முதலாளி நோட்டில் இல்லாதவர்கள் கடைசியில் ஓர் எண்ணிக்கைக்குள் வந்தார்கள்.

கணக்கெடுப்போடு புகைப்பட அடையாள அட்டையும் வந்தது. அட்டை இருந்தால் கடன், காப்பீடு, ஓய்வூதியத் திட்டங்களுக்கு வழி உண்டு. தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளிக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 யூனிட் ஆனது. தறிக்கணக்கு எடுப்பவர் வந்தால் தறியை மறைத்த காலம் போய், தன் தறி கணக்கில் விட்டுப்போயிற்றே என்று அலுவலகத்துக்கு அலையும் காலம் வந்தது. ஆனால் உதவி பெறும் பட்டியலும் ஒரு பதிவேடுதான். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு மானியத் திட்டங்களையும் பயனாளி விவரங்களையும் அரசு அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. 8ஆம் பிரிவு தனிப்பட்ட விவரத்துக்கு விலக்கும் வைத்திருக்கிறது. உதவி ஒழுங்காகப் போகிறதா என்று ஊர் பார்க்க வேண்டும், வாங்கியவரின் குடும்ப நிலை ஊருக்குக் காட்சியாகவும் கூடாது. இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் காப்பது எந்த அலுவலகத்துக்கும் எளிதாக இருக்கவில்லை.

மறு பக்கத்தில் நெசவாளியின் பேருக்குச் சந்தையில் மதிப்பு வந்தது. பட்டுக்கு 2004இல் சில்க் மார்க், கைத்தறிக்கு 2006இல் ஹேண்ட்லூம் மார்க், 2015 ஆகஸ்ட் 7 அன்று சென்னையில் நடந்த முதல் தேசியக் கைத்தறி நாளில் இந்தியா ஹேண்ட்லூம் பிராண்ட். 2010களில் கோ-ஆப்டெக்ஸ் சேலையோடு நெய்தவர் படமும் பேரும் அச்சிட்ட அட்டையைச் சேர்த்துக் கொடுத்தது. வாட்சனின் மாதிரிச் சீட்டில் இல்லாமல் போன பேர், ஒன்றரை நூற்றாண்டு கழித்துச் சேலை மடிப்புக்குள் வந்து உட்கார்ந்தது. அந்த அட்டை செய்த தேர்வு கவனிக்கத்தக்கது: முகம் உண்டு, பேர் உண்டு, கை வேலைக்கு மரியாதை உண்டு. சேலை பிடித்துப்போனவர் திரும்பத் தேட வேண்டிய இடம் கடைதான்.

ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது; அதற்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. பதிவேட்டின் ஏ பகுதியில் குறியீட்டின் உரிமையாளர் அமைப்பும், பி பகுதியில் அந்தப் பேரைப் பயன்படுத்த அனுமதி பெற்றவர்களும் பதிவாகிறார்கள். பேர், முகவரி, தொழில் ஆகியவை அதில் உண்டு. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒரு நெசவாளி பி பகுதியில் சேர்கிறார் என்றால், இந்தச் சேலை ஆரணியில்தான் நெய்யப்பட்டது என்று உலகத்துக்குச் சொல்லும் உரிமையைக் கேட்டு வாங்குகிறார் என்று பொருள். சாமுண்டப்பையின் கல்வெட்டுக்கு இன்றைய பதிவேடுகளில் மிக நெருங்கி வருவது இதுவே.

திரையில் தெரியும் வீடு

தொழில் விவரத்துக்கென்றே பிறந்த லிங்க்ட்இன் 2003 மே மாதம் தொடங்கியது. படிப்பு, பதவி, நிறுவனம் என்ற அதன் கட்டங்கள் சம்பள வேலைக்காரருக்காக வரையப்பட்டவை. குழித்தறி நெசவாளிக்குப் பதவி உயர்வும் இல்லை, முன்னாள் நிறுவனமும் இல்லை. 1996இல் தொடங்கிய ஜஸ்ட்டயல், இந்தியாமார்ட் இரண்டிலும் ஆரணிப் பட்டு என்று தேடினால் கடைகளும் உற்பத்தியாளர்களும் வருவார்கள். நெசவாளி திரைக்கு வந்தது வேறு வழியில். 2016க்குப் பிறகு டேட்டா மலிந்தது. 2018இல் வாட்ஸ்அப் பிசினஸ் வந்தது. சேலையைத் தறியிலிருந்து இறக்கும் முன்பே முந்தானையைப் படம் எடுத்து அனுப்ப முடிந்தது. நெசவாளியிடமிருந்து நேரடியாக என்ற தலைப்போடு யூடியூப் வீடியோக்கள் பெருகின. மத்திய ஜவுளி அமைச்சகமும் 2023இல் இந்தியா ஹேண்ட்மேட் என்ற விற்பனைத் தளத்தைத் திறந்தது.

முதலாளியைத் தாண்டி வாங்குபவரை அடைந்தது பெரிய விடுதலை. அதில் ஐயம் இல்லை. ஆனால் முதலாளி நோட்டு மூடி வைத்திருந்த வாசல் அதோடு திறந்தது. வீடியோ எடுக்க வருபவர் திண்ணையில் நிற்பதில்லை. தறி இருக்கும் கூடத்துக்குள் கேமராவோடு வருகிறார். படத்தில் தறி மட்டும் விழாது. தூளியில் குழந்தை, உடம்பு முடியாமல் படுத்திருக்கும் பாட்டி, சுவரில் மாட்டிய சாமி படம், வேலை செய்யும் பெண்கள், திரையின் கீழே கைபேசி எண் என்று எல்லாமே ஒன்றாகப் பதிவாகின்றன. சேலை விற்றுவிடும், வீடியோ இருக்கும். நள்ளிரவில் வெளிநாட்டிலிருந்து விலை கேட்டு வரும் அழைப்பும், பெண் குரலைக் கேட்டதும் பேச்சை மாற்றுபவரின் அழைப்பும் ஒரே எண்ணுக்கு வருகின்றன.

சட்டமே வீட்டு முகவரியைக் கேட்கும் இடங்களும் உண்டு. இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, தளங்கள் விற்பவரின் பேர், முகவரி, தொடர்பு எண்ணை வாங்குபவருக்குக் காட்ட வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்துத் தேடினால் பதிவு செய்தவரின் சட்டப்படியான பேரும் தொழிலிடமும் தெரியும். ஏமாற்றுக்காரரிடமிருந்து வாங்குபவரைக் காக்க வந்த நல்ல விதிகள் இவை. நகரத்தில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருப்பவருக்குத் தொழிலிடம் என்று எழுதும் கட்டத்தில் வீட்டைத் தவிர எழுத வேறொன்றும் இல்லை. விதி எழுதியவர்கள் இந்தக் கூரையை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

சட்டம் வந்த வழி

அந்தரங்கத்தைப் பற்றிய இந்தியச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான ராஜகோபால் வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் தன் குடும்பம், திருமணம், பிள்ளைகள் போன்றவற்றில் பிறர் தலையிடாமல் இருக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்றது. பொதுப் பதிவில் உள்ளதை எடுத்து எழுதுவதற்கு அந்த உரிமை பொதுவாகத் தடையாகாது என்றும் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது.

அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் உள்ள ஒரு விலக்கு தறி வீட்டுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த விவரத்துக்கும், சட்டக் கட்டாயத்தால் வெளியிடப்பட்ட விவரத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. நெசவாளி தன் வாட்ஸ்அப் பிசினஸ் பக்கத்தில் தானே போட்ட எண்ணும், விதிப்படி தளத்தில் காட்டிய முகவரியும் இந்த விலக்குக்குள் வரும். வேறொருவர் எடுத்த வீடியோவில் ஓடும் எண் நெசவாளி தானே வெளியிட்டது ஆகுமா என்பது அங்கே கேட்டு வாங்கிய சம்மதத்தைப் பொறுத்தது. சேலையைக் காட்டச் சம்மதித்தவர் வீட்டைக் காட்டவும் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தேடும் முறை

ஆரணி நெசவாளி ஒருவரைத் தேடுவதில் பேர் அதிகம் உதவாது. குமார், முருகன், சரவணன் என்ற பேர்கள் ஒரே தெருவில் பலருக்கு உண்டு. முன்னெழுத்து தந்தையின் பேர். தறி வீட்டில் கூப்பிடும் பேர் வேறாக இருக்கும். சேலையில் உள்ள முத்திரை எண், சங்கத்தின் பேர், கோர்வை போன்ற வேலைப்பாட்டின் பேர், ஊர் ஆகியவற்றைச் சேர்த்துத் தேடினால்தான் சரியான ஆள் கிடைப்பார். சந்த் கபீர் விருது, தேசிய விருது பெற்றவர்களின் பட்டியல் அரசு வெளியிட்டது. அதில் உள்ள தொழில் விவரத்தை எடுத்துக்கொள்வதில் தடை இல்லை. அதற்கு அடுத்து சொசைட்டி. தேடுபவர் யார், எதற்காகத் தேடுகிறார், எந்த எண்ணில் திரும்ப அழைக்கலாம் என்ற விவரத்தைச் சங்கத்திடமோ கடையிடமோ விட்டுவந்தால், பேசுவதா வேண்டாமா என்ற முடிவு நெசவாளியின் கைக்குப் போகிறது. திண்ணை செய்த வேலை அது.

நேரே தொடர்பு கொள்வதானால் அவர் தொழிலுக்கென்று கொடுத்த எண்ணில் மட்டும், பகலில், முதலில் ஒரு செய்தி. வேறொருவர் வீடியோவில் கண்ட எண்ணைப் பிறருக்கு அனுப்புவதும், வீட்டு வாசலை வரைபடத்தில் குறியிட்டுப் பகிர்வதும் அவரைக் கேட்டுச் செய்ய வேண்டியவை. எந்த முதலாளிக்கு நெய்கிறார், அட்வான்ஸ் எவ்வளவு, என்ன சாதி என்பவை சேலை வாங்குவதற்கோ வேலை கொடுப்பதற்கோ தேவைப்படாதவை. படம் எடுப்பதானால் தறியும் கையும் நெய்த துணியும் போதும். குழந்தைகள் சட்டகத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

தறி வீடுகளிலும் புதுப் பழக்கங்கள் உருவாகி வருகின்றன. வியாபாரத்துக்கென்று தனி சிம் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. படத்தில் தெருப் பேருக்குப் பதிலாக ஆரணி என்று மட்டும் போடுகிறார்கள். சேலையைப் பார்க்க வருகிறேன் என்பவரை வீட்டுக்கு அழைக்காமல் சொசைட்டிக்கோ கடைத்தெருவுக்கோ வரச் சொல்லி, மடித்த சேலையோடு அங்கே போய் நிற்கிறார்கள்.